இருபத்து மூன்று வெட்டு

நான் முதன்முதலாக உருப்படியாக எழுதி முடித்த புரோகிராம், இருபது வருடச் சிநேகிதர்கள் இருவரைப் பேசாமல் ஆக்கியது. அந்த இருவரில் ஒருவர் என் அப்பா. இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது பத்து ஞாயிற்றுக்கிழமைகளாக எனக்குச் சிரிப்பே வரவில்லை.

எனக்கு இருபத்தாறு வயது. பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் வில்லரே பகுதியில், வெளியே சுழன்று ஏறும் இரும்புப் படிகள் வைத்த ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் அப்பா அம்மாவோடு இருந்தேன். வேலை ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில். அங்கே நாள் முழுவதும் யாரோ எழுதிய புரோகிராமில் யாரோ செய்த பிழையைத் திருத்துவேன். சொந்தமாக ஒன்றும் செய்வதில்லை என்ற எரிச்சல் உள்ளே புகைந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு பழைய சாமான் சந்தையில் அந்தக் கேம் மெஷின் கண்ணில் பட்டது. கையில் வைத்து விளையாடும் சாதி. எப்போதோ பிள்ளைகள் உயிரை விட்டு விளையாடிவிட்டு, புதியது வந்ததும் கைவிட்ட மொடல். ஒரு பக்கம் கீறல். பொத்தான்கள் நல்ல நிலையில் இருந்தன. விளையாடுவதற்கென்று நான் அதை வாங்கவில்லை. அதற்குள் புகுந்து பார்க்க வாங்கினேன்.

என்னைப் போல விசர் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அந்த மெஷினில் செருகி, உள்ளே மெமரி கார்ட் போடக்கூடிய ஒரு கட்டையை எவரோ செய்து விற்றார்கள். நானும் ஒன்று எடுப்பித்தேன். செருகியதும் புரிந்தது, இந்த மெஷினுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. அது பிறந்த காலத்தில் விளையாட்டு முழுவதும் கட்டைக்குள் மூடியபடியே வரும். எதையும் தேடித் திறக்க வேண்டிய தேவை அதற்கு இருந்ததில்லை. கார்டைப் போட்டால் அதற்குத் தெரிவது நம்பர் போட்ட ஆயிரக்கணக்கான பெட்டிகள் மட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துக் கொள்ளும். எந்தப் பெட்டி எந்த ஃபைலுக்குச் சொந்தம், அதற்கு அடுத்த பெட்டி எங்கே கிடக்கிறது, எங்கே முடிகிறது என்பதையெல்லாம் நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து கட்டளைகள் தேவை: திற, வாசி, எழுது, நகர், மூடு.

மற்றவர்கள் செய்து வைத்தது இணையத்தில் சும்மா கிடைத்தது. எடுத்து ஒட்டினால் ஒரு மணி நேர வேலை. ஆனால் அடுத்த வீட்டில் கொதித்த குழம்பில் உப்புப் போட்டுவிட்டு நான் சமைத்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், முட்டி மோதினேன். உருளைக்கிழங்கை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸின் செய்முறையை அம்மாவிடம் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்துக் கார்டில் போட்டு வைத்திருந்தேன், வாசிக்கப் பழக ஏதாவது வேண்டுமே. ஒரு சனிக்கிழமை மத்தியானம், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய அந்தத் திரையில் முதல் வரி வந்தது: உருளைக்கிழங்கு அரைக் கிலோ. நான் குசினிக்குள் ஓடிப்போய் அடுப்படியில் நின்ற அம்மாவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன்.

அம்மா திரையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கோ மூண்டு கிழமை? என்னட்டத் திரும்பக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே பிள்ளை."

வாசிப்பதில் ஆபத்தில்லை. எழுதுவதில்தான் வம்பு. ஒரு பெட்டி மாறி எழுதினால் கார்டில் உள்ளதெல்லாம் குழம்பிவிடும். அதைச் சோதிக்க நிறைய விவரம் வேண்டும். நான் கற்பனையாகப் போட்ட விவரமாக இல்லாமல், தானாக வந்து விழுகிற விவரமாக வேண்டும். அது ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டுக் குசினி மேசையிலேயே விழுந்துகொண்டிருந்தது.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் நான்கு பேர் எங்கள் வீட்டில் கூடுவார்கள், 304 என்ற சீட்டாட்டம் விளையாட. அப்பா ஒருவர். அவருக்கு எதிரே அவருடைய சோடி. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமில்லை, சொந்தத்துக்கு மேலே. இருவரும் சென்ட் லோரன்டில் ஒரே மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர்கள். மாமாவிடம் கார் இருந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு எங்கள் படியடியில் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். கீழ் வீட்டு மதாம் ஜன்னலைத் திறந்து ஏசுவார். மாமா "பொன்ஜூர்" என்பார். அப்பா சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமலே இறங்கி ஓடுவார். இது தினசரிப் பூசை போல நடக்கும். மற்றச் சோடி, டாக்சி ஓடும் சித்தப்பாவும் கோயிலில் மணியடிக்கும் அண்ணையும்.

நால்வருக்கும் தாய்நாட்டில் ஒரே கடலோர ஊர். அந்த ஊரின் காவல் புனிதரின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் ஊரே பிடிபட்டுவிடும். அங்கே ஆண் பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்தில் முதலில் அந்தப் புனிதரின் பெயர், அதற்குப் பின்னால் பிள்ளைக்கென்று ஒரு பெயர். கோயில் வாசலில் நின்று புனிதரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அரைவாசிச் சனம் திரும்பிப் பார்க்கும். அப்பா, மாமா, சித்தப்பா மூவருக்கும் அந்தப் பெயர்தான் முன்னால். மணியடிக்கும் அண்ணை மட்டும் தாயின் ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருக்கு வேறு புனிதர்.

304 தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. முப்பத்திரண்டு சீட்டுக் கடதாசி, ஆளுக்கு எட்டு. எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. நால்வரும் சுற்றி வர ஒவ்வொன்று போட, பெரியதைப் போட்டவர் அந்தப் பிடியை அள்ளுவார்; இதில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரியது, அடுத்தது ஒன்பது. நான்கு சாதிகளில் ஒன்றைத் துரும்பு என்று வைத்துக்கொள்வார்கள். கையில் கேட்ட சாதி இல்லாதவர் துரும்பால் வெட்டலாம். எதிராளியின் பிடியை வெட்டினால் வீரம். தன் சோடி ஏற்கெனவே வென்றுகொண்டிருக்கும் பிடியை வெட்டினால் அதை விட மடத்தனம் இல்லை. நல்ல துரும்பு வீணாகப் போய்விடும்.

நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மேசை மூலையில் உட்கார்ந்தேன். விழும் ஒவ்வொரு கடதாசியையும் மெஷினில் அமுக்குவேன். ஒரு கடதாசிக்கு ஒரு எழுத்து. ஒரு ஆட்டத்துக்கு முப்பத்திரண்டு. பதினாறு ஆட்டம் முடிந்தால் சரியாக ஐந்நூற்றுப் பன்னிரண்டு, ஒரு பெட்டி பொத்தென்று நிறையும். ஒரு எழுத்து மிச்சமில்லை, ஒரு எழுத்துக் குறைவில்லை. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அன்று நான் மெட்ரோவில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். யாரோ எனக்காகவே இந்த விளையாட்டை உண்டாக்கி வைத்தது போல இருந்தது.

முதலில் அவர்களுக்குக் கூச்சம். இரண்டு ஞாயிற்றில் பழகிவிட்டார்கள். மாமாவுக்கு அது ஒரு கொண்டாட்டம் ஆகிவிட்டது. நல்ல கடதாசி ஒன்றை மேசை அதிர அடித்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"எழுதினியோ பிள்ளை?"

"எழுதினன் மாமா."

"பேந்து இல்லையெண்டு சொல்லக்கூடாது."

எனக்கு அந்த ஞாயிறுகள் அவ்வளவு பிடிக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி குவிந்து கிடக்கும். உள்ளே அம்மா பொரிக்கும் ரோல்ஸ் வாசம், தேத்தண்ணி, நால்வரின் சத்தம், என் கைக்குள் ஒவ்வொன்றாக நிறையும் பெட்டி. எழுதும் கட்டளை பிழையில்லாமல் ஓடியது. ஒவ்வொரு கடதாசியையும் உடனுக்குடன் கார்டில் எழுதிவிடுவேன். மொத்தம் எவ்வளவு நீளம் என்பதை மட்டும் கடைசியில் மூடும்போது பதிவேன். அப்படித்தான் வைத்திருந்தேன்.

வேலை ஒழுங்காகப் போனால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. அடுத்த விளையாட்டைத் தொடங்கினேன். சொந்தச் சோடியின் பிடியை யார் எத்தனை தரம் வெட்டினார்கள் என்று மெஷினையே எண்ணச் செய்தால் என்ன? ஆளுக்கு ஒரு ஃபைல். முதல் பிழை விழும்போது ஃபைல் பிறக்கும். அதன் தலையில் ஆளின் முழுப்பெயர் எழுதப்படும். பிறகு விழும் பிழைகள் அதில் சேரும். ஃபைலின் பெயருக்கு அந்தப் பழைய முறையில் எட்டு எழுத்துத்தான் இடம். முழுப்பெயர் கொள்ளாது. முதல் எட்டு எழுத்தை வெட்டி வைத்தேன். அது போதும் என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய வெட்டு அந்த மேசையில் யாரும் வெட்டியதில்லை.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், தேத்தண்ணிக்கு ஆட்டத்தை நிறுத்தியபோது நான் எழுந்து நின்று அறிவித்தேன். சொந்தச் சோடியின் பிடியை வெட்டியவர்களின் பட்டியல் மெஷினில் இருக்கிறது, வாசிக்கப் போகிறேன் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். பொத்தானை அமுக்கினேன். இரண்டே பெயர்கள் வந்தன. மணியடிக்கும் அண்ணைக்கு மூன்று. அப்பாவுக்கு இருபத்து மூன்று.

"மற்ற ரெண்டு பேருக்கும்?" என்றார் சித்தப்பா.

"ஃபைலே இல்லை. ஒரு பிழையும் விடேல்லை," என்றேன், பரிசு கொடுக்கிறவள் போல.

மாமா மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார்.

"பாத்தியே மச்சான்! இருபத்திமூண்டு தரம் என்ர பிடியை வெட்டியிருக்கிறாய். இருபது வருசமா ஏன் தோக்கிறம் எண்டு இப்ப விளங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்க முயன்றார். அடுத்த ஆட்டம் தொடங்கியது. ஐந்து பிடி முடிந்தது. ஆறாவது பிடிக்கு அப்பா இறக்க வேண்டும். கையில் மூன்று கடதாசி. யோசித்தார். மாமாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்து மச்சான். இருபத்திநாலாக்கிப் போடாத."

அப்பா மூன்று கடதாசியையும் மேசையில் கவிழ்த்து வைத்தார். எறியவில்லை. மெதுவாகத்தான் வைத்தார். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிழைதான் செய்வேன், ஆனால் சோடியே ஊர் முன்னால் சிரிக்க நான் விளையாட வேண்டியதில்லை என்று அவர் பின்னால் போன அம்மாவிடம் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். நான் பதற்றத்தில் ஃபைலை மூடாமலே மெஷினை அணைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஹோர்ன் அடிக்கவில்லை. அப்பாவும் அதற்குக் காத்திருக்கவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். இரண்டு பஸ் மாற வேண்டும். மார்ச் மாதத்துப் பனி, பஸ் தரிப்பில் நின்றால் மூக்கு கழன்று விழும். ஒரே தொழிற்சாலை, பெட்டிகள் ஓடிவரும் ஒரே பட்டி, ஆளுக்கொரு முனையில் நின்று பெட்டி அடுக்கினார்களாம். ஞாயிறு பூசையில் மாமா பின் வாங்குப் பலகையில் இருந்துவிட்டு, ஆசீர் முடியுமுன் எழுந்து போய்விடுவார். மேசை வெறுமையாகக் கிடந்தது. அம்மா பழக்கதோஷத்தில் ரோல்ஸ் பொரித்துவைக்க, நானும் அப்பாவும் அதைத் திங்கள், செவ்வாய், புதன் என்று சாப்பிட்டோம்.

என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கணக்குச் சரியென்றுதான் நான் நம்பினேன். மெஷின் பொய் சொல்லாது என்று அப்பாவிடமே ஒரு நாள் சொன்னேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல், "ஓம், அது பொய் சொல்லாது," என்றார். அந்த "ஓம்" என்னைக் கொன்றது.

மே மாதத்தில் ஒரு காலை. வேலைக்குப் போகும் மஞ்சள் வழி மெட்ரோ ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. நான் மெஷினை மடியில் வைத்து, ஃபைலை அழிக்கும் கட்டளை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அழிக்க ஒரு வெற்று ஃபைல் வேண்டும். மாமாவுக்குத்தான் ஃபைலே இல்லையே என்று அவருடைய பெயரில் ஒன்று உருவாக்கச் சொன்னேன். மெஷின் மறுத்தது. அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது என்றது. இருக்க வழியில்லையே. திறந்தேன். தலையில் அப்பாவின் முழுப்பெயர். உள்ளே இருபத்து மூன்று.

சித்தப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அதே ஃபைல். அதே அப்பா. அதே இருபத்து மூன்று.

புனிதரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் எட்டு இடமும் நிறைந்துவிடும். ஆளுக்கென்று வைத்த பெயர் அதற்குப் பிறகுதான் வரும். அதை நான் வெட்டி எறிந்திருந்தேன். மூன்று பேருடைய பிழையும் ஒரே புனிதரின் கணக்கில் விழுந்திருக்கிறது. முதல் பிழையை அப்பா விட்டதால் தலையில் அவர் பெயர். வேறு ஊர்க்காரி யாராவது இந்தப் புரோகிராமை எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்தே இருக்காது. எங்கள் ஊர்க்காரி எழுதினால்தான் வரும். எங்கள் ஊர்க்காரிக்குத்தான் அது முதலிலேயே தெரிந்திருக்கவும் வேண்டும்.

நான் வாய் விட்டுக் கத்தியிருக்கிறேன். பக்கத்திலிருந்த பெண்மணி என் கையைத் தொட்டு, "சா வா, மதாம்?" என்று கேட்டார். சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் வந்தது. "வி, வி, மெர்சி," என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்கு முன்னும் பின்னும் ஒரு பிழையைக் கண்டு நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பட்டியல் போனாலும் பரவாயில்லை. விழுந்த ஒவ்வொரு கடதாசியும் வரிசையாக வேறொரு ஃபைலில் கிடந்தது. சண்டை நடந்த ஞாயிற்றை மட்டும் காணவில்லை. நான்தான் மூடாமல் அணைத்தவள். நீளம் முந்திய ஞாயிறோடு நின்றிருந்தது. முடிந்தது என்று பதிந்த இடத்தையும் தாண்டிப் போ என்று 'நகர்' கட்டளைக்குச் சொன்னேன். போனது. அங்கே அந்த ஞாயிறும் பத்திரமாகக் கிடந்தது. கடைசி ஆட்டத்தில் இருபது கடதாசி, ஐந்து பிடி. அதற்குப் பிறகு வெறுமை. அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப எண்ணினேன். சித்தப்பா இரண்டு. அப்பா ஆறு. மாமா பதினைந்து.

அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் படியிலேயே மறித்துச் சொன்னேன். எட்டு எழுத்து, புனிதர், ஒரே ஃபைல் எல்லாம் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எனக்கு ஆறுதானோ?"

"ஆறுதான் அப்பா."

"ஆறு சரிதான். நானும் அவ்வளவுதான் எண்டு நினைச்சனான்." முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறகு ஏதோ நினைவு வந்தது போல என் கையைப் பிடித்தார். "மற்றப் பதினைஞ்சையும் அவனுக்குச் சொல்லிப்போடாத. மெஷின் பிழை எண்டு மட்டும் சொல்லு. அவன் தாங்கமாட்டான் பிள்ளை."

இந்த மனிதனைத்தான் பத்து ஞாயிறு நான் தலைகுனிய வைத்திருந்தேன்.

மாமாவின் வீடு மூன்று தெரு தள்ளி. நான் போனபோது அவர் காரைத் தூக்கி வைத்து, பனிக்கால ரயரைக் கழற்றிக் கோடைக்கால ரயரை மாட்டிக்கொண்டிருந்தார். மே மாதம் வரை அதைக் கழற்றாமல் ஓடியிருக்கிறார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு எண்ணைத் தவிர. அவர் ஒரு நட்டை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப எனக்கு எத்தினை?"

"அது... பிரிச்சு எடுக்கேலாது மாமா. எல்லாம் கலந்துபோச்சு."

"ஏலாதோ?"

"ஏலாது."

"மெஷினுக்கு ஏலாதோ, உனக்கு ஏலாதோ?"

நான் ரயரைப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் முகத்தில் நிற்கும்.

"கொப்பர் இப்பவும் பஸ்ஸிலயோ போறார்?"

"ஓம் மாமா. அப்பா பஸ்ஸிலதான்."

இறுக்கிய நட்டையே அவர் மறுபடி இறுக்கினார். "உள்ள போ பிள்ளை. மாமி தேத்தண்ணி தருவா," என்றார். அடுத்த ரயருக்குக் குனிந்தார். காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் இருக்கும். இரும்புப் படியில் காலடிச் சத்தம். முதலில் சித்தப்பா, பின்னால் மணியடிக்கும் அண்ணை, கடைசியில் மாமா. அம்மா உடனே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார். நல்ல வெயில் என்பதால் மேசையை பல்கனிக்குத் தூக்கினோம். நால்வரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். கடதாசிக் கட்டு நடுவில் கிடந்தது. யாரும் தொடவில்லை. அப்பா தெருவைப் பார்த்தார், மாமா தன் நகத்தைப் பார்த்தார்.

"அண்டைக்குக் குழப்பின ஆட்டம் ஒண்டு கிடக்கு," என்றார் மாமா கடைசியில். "அதை முடிச்சிட்டு மற்றதைப் பாப்பம்."

நான் பாய்ந்து மெஷினைத் திறந்தேன். "என்னட்ட இருபது கடதாசி இருக்கு மாமா! ஆனா கையில இருந்த பன்னிரண்டு இதுக்குத் தெரியாது. அதுகள் விழேல்லைத்தானே."

நால்வரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். பாவம் பிள்ளை என்பது போல ஒரு பார்வை. சித்தப்பா கடதாசிக் கட்டை எடுத்து, முகம் தெரிய மேசையில் விரித்தார். அவர் தன் மூன்றைப் பொறுக்கினார். மணியடிக்கும் அண்ணை தன் மூன்றைப் பொறுக்கினார். மாமா, அப்பா. ஒருவரும் யோசிக்கவில்லை, சொந்தச் சட்டையை எடுப்பது போல எடுத்தார்கள். ஒரே கடதாசிக்கு இரண்டு கை போகவில்லை. மிஞ்சிய இருபதையும் என் மெஷினோடு ஒப்பிட்டேன். ஒன்று பிசகவில்லை. பத்து ஞாயிறு! நான் பல்கனிக் கம்பியைத் தட்டிக் கைகொட்டிச் சிரித்தேன். மூன்று கிழமை முட்டி மோதி நான் ஒரு கார்டுக்குக் கற்பித்ததை இவர்கள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே செய்கிறார்கள்.

அப்பா இறக்க வேண்டிய முறை. கலாவரைச் சாதியில் ஒன்பதை வைத்தார். அந்தச் சாதியில் அதற்கு மேலே இருந்த ஒரே கடதாசியான ஜாக் இரண்டாம் பிடியிலேயே விழுந்துவிட்டது. மெஷினும் சொன்னது, அவர்களுக்கும் தெரியும். சித்தப்பா ஒரு சின்னக் கலாவரையைப் போட்டார். அடுத்தது மாமா. அவரிடம் கலாவரை இல்லை. கையில் இருந்த மூன்றில் ஒன்று துரும்பு, மிஞ்சியிருந்த கடைசித் துரும்பு. பிடி அப்பாவுடையது. மாமா வேறு எதைப் போட்டாலும் போதும்.

மாமா அப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தத் துரும்பை, மேசை அதிர, கீழ் வீட்டு மதாம் எட்டிப் பார்க்க, அப்பாவின் ஒன்பதின் மேல் அடித்தார்.

"எழுது பிள்ளை. என்ர பேரில எழுது. இதோட பதினாறு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்; தானும் சொல்லவில்லை என்று அவர் தலையாட்டினார். இருபது கடதாசியையும் பத்து ஞாயிறு சுமந்த மாமாவின் தலைக்குத் தன் பிழையை எண்ணத் தெரியாதா? நான் அன்று பட்டியலை வாசித்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சிரித்தவர்தான், பிறகு எங்கள் படியேற முகமில்லாமல் பின் வாங்கில் இருந்திருக்கிறார். நாங்கள் அதைக் கோபம் என்று எண்ணியிருந்தோம்.

"விசரா," என்றார் அப்பா. அந்தத் துரும்பை விரலால் தட்டினார். "கடைசித் துரும்படா அது."

"தெரியும் மச்சான்."

பிறகு அப்பா சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள், மாலை வரை ஆடிய மற்ற ஆட்டங்களிலும் பெரும்பாலும் தோற்றார்கள். நான் மாமாவுக்கென்று தனி ஃபைல் ஒன்றைத் திறந்து, பதினாறையும் எழுதி, இந்தத் தரம் மறக்காமல் மூடினேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. கீழ் வீட்டு மதாம் ஜன்னலைத் திறந்தார். அப்பா ஒரு சப்பாத்தைக் காலிலும் மற்றதைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.